போனை எடுத்தவள்

எழுத்தாளர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சல்லடை. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். ஆனால் அது எப்படியோ அவள் காதுக்கு வந்து, அவளுக்கே பிடித்தும் போய்விட்டது. அவள் பார்த்தது இலக்கிய முகவர் வேலை. நாவல் எழுதியவர்கள் கையெழுத்துப் பிரதியை அவளுக்கு அனுப்புவார்கள். பிடித்திருந்தால் திருத்தச் சொல்லி, பெண்ணுக்கு வரன் தேடுவதுபோல நல்ல பதிப்பகமாகத் தேடி ஒப்படைப்பாள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள். திருப்பி அனுப்பியவைதான் அதிகம்.

அலுவலகம் என்பது மாடியில் இரண்டு அறை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. “கீழே கண்ணு டெஸ்ட், மேலே எழுத்து டெஸ்ட்” என்பார் டீச்சர். டீச்சர் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வருகிற பிரதிகளை முதலில் படிப்பதும் எழுத்தாளர்களுக்குப் பதில் எழுதுவதும் அவர் பொறுப்பு. கடிதங்கள் அவர் பெயரில்தான் போகும். தன் பெயரில் போட்டால் ஆட்கள் போன் செய்து அழுகிறார்கள் என்று சல்லடை அப்படி ஏற்பாடு செய்திருந்தாள்.

பிரதியில் என்னதான் பார்ப்பீர்கள் என்று கூட்டங்களில் அவளைக் கேட்பதுண்டு. அவள் மழுப்ப மாட்டாள்.

“முதல் பக்கத்துல ஆளு இருக்கணும். வானிலை அறிக்கை இருக்கக் கூடாது. அப்புறம் நடுவுல எங்கயாவது பிரிச்சுப் படிப்பேன், ஏன்னா முதல் பக்கத்தை எல்லாரும் தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருப்பாங்க. அதுவும் தேறிச்சுன்னா முழுசா உக்காந்து படிப்பேன். எழுதினவங்க எந்த இடத்துல அவசர அவசரமாத் தாண்டிப் போறாங்கன்னு பார்ப்பேன். அங்கதான் எதையோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதை எழுத வச்சுட்டா புத்தகம் நின்னுடும்.”

ஒருநாள் காலை டீச்சர் ஒரு தடித்த பிரதியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“கூட்டுக்குடும்பக் கதை. கை சரளமா ஓடுது, சிரிக்கவும் வைக்குது. ஆனா மருமகள் ஒருத்தி வரா பாருங்க, அவ மட்டும் அட்டையில வெட்டி நிறுத்தின மாதிரி இருக்கா. மத்தவங்க எல்லாம் மனுஷங்க, அவ மட்டும் ராட்சசி.”

சல்லடை வழக்கப்படி முதல் பக்கத்தைப் படித்தாள். ஒரு பெரிய வீடு. மாடிப்படி திரும்பும் இடத்தில் துணி துவைக்கும் எந்திரம். அதன்மேல் யாரும் படிக்காத பத்திரிகைகளின் அடுக்கு. தானாகச் சாத்திக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த செங்கல். அந்தச் செங்கலில் அவள் கால் கட்டைவிரலை எத்தனையோ முறை இடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். பெயரோடு புகைப்படமும் ஒட்டியிருந்தது. முகம் பருத்திருந்தது, முடி நரைத்திருந்தது. ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

அவளுடைய நாத்தனார். ஒருகாலத்தில் அவள் கணவனாக இருந்தவனின் தங்கை.

பிரதியை நடுவில் பிரிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது இரண்டே வரியில் இருந்தது. அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்தும் அந்த மருமகள் ஊருக்குப் போகவில்லை, மறுநாள் விருந்தாளிகள் முன்னால் அழகாகத் தெரிய வேண்டும் என்று நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அடுத்த வரியில் விருந்து ஆரம்பித்துவிட்டது.

சல்லடை எழுந்து சன்னலருகே போய் நின்றாள்.

நடந்தது இதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அவள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது நாத்தனாருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள் வேறு ஊரில் சல்லடையின் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவள் அம்மா போன் செய்தாள். நடையில் இருந்த போனை எடுத்தது நாத்தனார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மருமகள் கிளம்பிப் போய்விட்டால் நிச்சயம் தள்ளிப்போகும், அவ்வளவு பேருக்குச் சமைக்க ஆளும் இருக்காது. மறுநாள் விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு, “அண்ணி, இப்பத்தான் போன் வந்துச்சு” என்று சொன்னாள். சல்லடை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

“நேத்தே சொன்னேனேடி, உன் நாத்தனார்தானே எடுத்தா” என்றாள் அம்மா.

திரும்பி வந்து கேட்டாள். நாத்தனார் கண்கலங்கி, தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள், முந்தின நாள் அப்படி ஒரு போன் வரவே இல்லை என்று. கணவன், “என் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராது. உங்கம்மா துக்கத்துல எதையோ குழப்பிக்கிறாங்க” என்றான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அந்த வருடம் முடிவதற்குள் அவள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள். போனவள் திமிர் பிடித்தவள், அப்பன் சாவுக்கே போகாதவள் என்று உறவுக்குள் பேச்சு நிலைத்துவிட்டது. யார் அதை ஊதி ஊதி வளர்த்தது என்றும் அவளுக்குத் தெரியும்.

“திருப்பி அனுப்பிடலாமா?” என்று டீச்சர் கேட்டார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

“வேண்டாம்” என்றாள் சல்லடை. “நமக்குப் பிடிச்சிருக்கு, ஆனா திருத்தணும்னு எழுதுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க.”

அவள் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். மருமகள் பாத்திரம் நம்பும்படி இல்லை. பெற்ற அப்பாவைப் பார்க்க ஒருத்தி ஏன் போக மாட்டாள்? அவர் நோயில் கிடக்கிற செய்தி அந்த வீட்டுக்கு எப்படி வந்தது? போனில் என்றால், போனை யார் எடுத்தது?

டீச்சரின் பேனா நின்றது. “கடைசிக் கேள்வி கொஞ்சம் போலீஸ் கேள்வி மாதிரி இருக்கே.”

“இருக்கட்டும்.”

கடிதத்தில் டீச்சர் பெயரை மட்டுமே பார்த்த நாத்தனார் மனம் குளிர்ந்துபோய்ப் பதில் எழுதினாள். இவ்வளவு நுட்பமாக யாரும் தன்னைப் படித்ததில்லை, கட்டாயம் திருத்துகிறேன் என்றாள். திருத்திய பிரதியில் போனை மாமியார் எடுத்திருந்தாள். நாத்தனாரின் அம்மா, செத்துப்போய்ப் பல வருடம் ஆனவள். செத்தவள் தலையில் கட்டிவிட்டாள் என்று சல்லடைக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் பதில் தேனொழுகப் போயிற்று. காட்சி வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் மாமியாருக்கு முட்டி வலி, மாடியை விட்டு இறங்க மாட்டாள் என்று நீங்களே முன்னால் எழுதியிருக்கிறீர்கள். போன் கீழே நடையில் இருக்கிறது. அப்படியானால் எடுத்தது யார்?

அடுத்த பிரதியில் வேலைக்காரி எடுத்தாள், சொல்ல மறந்துவிட்டாள். வேலைக்காரிக்கு இதில் என்ன லாபம், மறப்பதைப் படித்து யாருக்கு மனம் துடிக்கும் என்று கேட்டுச் சல்லடை எழுதச் சொன்னாள். மறைத்தால் யாருக்கு லாபமோ அவர்தான் போனை எடுத்திருக்க வேண்டும் என்றும் சேர்க்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பல வாரம் ஒன்றும் வரவில்லை. டீச்சர் சும்மா இருக்கவில்லை.

“இந்தம்மாவை உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

சல்லடை சொன்னாள். மூடி மறைக்காமல் முழுவதையும் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் பேர்ல நடக்குது இது.”

“வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீங்க கேட்டதுல எதுவும் தப்பான கேள்வி இல்ல” என்றார் கடைசியில். “எந்தப் பிரதியா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருக்கணும். எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

சல்லடையின் கணக்கு எளிமையானது. உண்மையை நாத்தனார் கையாலேயே எழுத வைக்க வேண்டும். எழுதி வந்ததும், நன்றி, எங்களுக்குச் சரிப்படாது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். கீழே தன் பெயரைப் போட்டு. அந்தக் கடிதத்தை அவள் மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்திருந்தாள். குளிக்கும்போதுகூட.

பிரதி வந்தது. இந்த முறை போன் காட்சி ஒரு முழு அத்தியாயமாக நீண்டிருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி போனை எடுக்கிறாள். எதிர்முனையில் அண்ணியின் அம்மா அழுகிறாள். சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டு, தன் நிச்சயப் புடவையை இஸ்திரி போடப் போகிறாள். சமையலறையில் அண்ணி தேங்காய் துருவும் சத்தம் கேட்கிறது. பெட்டியின் சூடு போதவில்லை என்று அவள் கவலைப்படுகிறாள். படித்துக்கொண்டே வந்த சல்லடைக்கு அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது முதலில் உறைத்தது. அதற்காகவும் ஆத்திரம் வந்தது.

பிறகு அவளுக்குத் தெரியாதது ஒன்று வந்தது. சாயங்காலம் மறுபடி போன் மணி அடிக்கிறது. இந்தத் தடவை பேசுவது அந்த அப்பாவே. நர்ஸிடம் கெஞ்சிப் போனை வாங்கியிருக்கிறார். மூச்சு வாங்குகிறது. “பாப்பா இருக்காளாம்மா?” என்கிறார். அந்தப் பெண் சமையலறைப் பக்கம் பார்க்கிறாள். அண்ணியின் முதுகு தெரிகிறது. “வெளிய போயிருக்காங்க” என்கிறாள். “சரிம்மா. நாளைக்கு வரைக்கும் இருப்பேன்னு சொல்லு” என்கிறார். அவள் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறாள், இனி மணியே அடிக்காதபடி.

பாப்பா என்று சல்லடையைக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அப்பா போன் செய்தது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை வந்ததும் டீச்சரிடம், “திருப்பி அனுப்பப் போறதில்ல” என்றாள். “இந்தப் புத்தகத்தை நான் விக்கப் போறேன். பெரிய இடமாப் பார்த்து.”

“மனசு மாறிடுச்சா?”

“இல்ல. திருப்பி அனுப்பினா அவ பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிடுவா.”

பெரிய பதிப்பகம் ஒன்று உடனே வாங்கிக்கொண்டது. எல்லாருக்கும் பிடித்தது அந்த அத்தியாயம்தான். நாத்தனாரிடமிருந்து மட்டும் ஒரு வேண்டுகோள் வந்தது: புனைபெயரில் போட வேண்டும். சொந்தப் பெயரில்தான் வரும், இல்லையென்றால் வராது என்று பதில் போயிற்று. அவள் ஏற்கெனவே உறவுக்காரர்கள் எல்லாரிடமும் தன் புத்தகம் வரப்போகிறது என்று தம்பட்டம் அடித்திருந்தாள். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்தாள்.

படியேறி வந்தவள் முதலில் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு உள்ளறைக் கதவைத் தாண்டினாள். சல்லடை எழுந்திருக்கவில்லை.

“உக்காரு.”

நாத்தனார் உட்காரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். “அண்ணி” என்றாள். வெளியறையில் இருந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இத்தனை நாளா நீங்களா கேட்டீங்க?” என்றாள்.

“யார் கேட்டா என்ன? பதில் எழுதினது நீதானே.”

“நான் கதையாத்தான் எழுதினேன்.”

“அப்ப சொந்தப் பேர்ல போடறதுக்கு என்ன?”

நாத்தனார் மெல்ல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். “அண்ணன் படிப்பாரு. என் பிள்ளைங்க படிப்பாங்க. என் வீட்டுக்காரர் வீட்டுல எல்லாரும் படிப்பாங்க. என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“என்னைப் பத்தி என்ன நினைச்சாங்களோ அதை இனிமே உன்னைப் பத்தி நினைப்பாங்க.”

“அப்போ எனக்கு இருபத்திரண்டு வயசு அண்ணி.”

“எனக்கு இருபத்தி நாலு.”

சல்லடை ஒப்பந்தத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் சொந்தப் பெயர் என்ற நிபந்தனை, அதன் பிறகு இன்னொன்று: புத்தகத்தைப் பற்றி நடக்கிற எல்லாக் கூட்டத்திலும் எந்த அத்தியாயத்தை வாசிப்பது என்பதை முகவரே முடிவு செய்வார். நாத்தனார் அதைப் படித்தாள். புரிந்துகொண்டாள். ஆனால் புத்தகம் என்ற ஆசை அவளை விடவில்லை. இந்த வேலையில் சல்லடை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது அந்த ஆசையைத்தான். நாத்தனார் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

புத்தகம் வந்த கொஞ்ச நாளில் சல்லடைக்கு ஒரு போன் வந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

“படிச்சேன்” என்றான் அந்தப் பழைய கணவன். “எனக்கு இது தெரியாது.”

“தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தீங்க.”

“அவளோட பேச்சு வார்த்தையை நிறுத்திட்டேன். வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். நான் அன்னிக்கு உன்னை நம்பியிருக்கணும்.”

“சாப்பிட்டுட்டு இருந்தீங்க” என்றாள் சல்லடை. “இப்ப சாப்பிட்டாச்சா?”

பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள். அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது. கீழே கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன உப்புச்சப்பில்லாத ஜோக்குக்குக்கூடச் சிரித்தாள்.

முதல் கூட்டம் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில். நாத்தனார் போன் அத்தியாயத்தை வாசித்தாள். “பாப்பா இருக்காளாம்மா” வந்த இடத்தில் குரல் உடைந்து, வாசிக்க முடியாமல் நின்றுவிட்டாள். டம்ளரை எடுத்ததில் தண்ணீர் பக்கத்தின்மேல் சிந்தியது. கடைசி வரிசையில் சல்லடை கைகட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். வாசித்து முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது ஊரில் கூட்டம் இன்னும் அதிகம். இவ்வளவு நேர்மையாக எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. நாத்தனாரை யாரும் கரித்துக் கொட்டவில்லை. பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தாங்களும் இப்படி ஏதோ ஒன்றைச் செய்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது ஊரில் சல்லடை ஒன்றைக் கவனித்தாள். குரல் அதே வார்த்தையில் உடைந்தது. தண்ணீர் டம்ளரை நோக்கிக் கை போன விதமும், அதற்குப் பிறகு விட்ட பெருமூச்சும் முந்தைய ஊரில் பார்த்தவையேதான். எழுத்தில் பொய்யை மோப்பம் பிடிக்கிற மூக்கு அவளுடையது. பேச்சில் பிடிக்காதா?

காரில் திரும்பும்போது, “நாளைக்கு வேற அத்தியாயம் படி” என்றாள்.

நாத்தனார் ஆச்சரியமாகத் திரும்பினாள். அவள் மடியில் யாரோ கொடுத்த பூங்கொத்து இருந்தது. “ஏன் அண்ணி? இதுதானே எல்லாருக்கும் பிடிக்குது.”

அதில் நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். சல்லடை சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பா கடைசியாகச் சொன்னது இப்போது ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது. அதை மேடையேற்றியது வேறு யாரும் இல்லை, அவளேதான். “சரி, அதையே படி” என்றாள் கடைசியில்.

நான்காவது ஊரில் ஒரு நூலக அரங்கம். நாத்தனார் வாசித்தாள், குரல் உடைந்தது, தண்ணீர் குடித்தாள். கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, இது நடந்த கதையா, அந்த அண்ணி இதைப் படித்தாரா என்று கேட்டாள்.

நாத்தனார் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். “ஒவ்வொரு ஊர்லயும் இதைக் கேக்கறாங்க. அவங்க ரொம்பப் பெரிய மனசுக்காரங்க. எங்க இருந்தாலும் என்னை மன்னிச்சிருப்பாங்கன்னு நம்பறேன்.”

“மன்னிக்கல” என்றாள் சல்லடை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள், சாதாரணக் குரலில். கடைசி வரிசை திரும்பியது, பிறகு அதற்கு முன் வரிசை. மொத்த அரங்கமும் அவளைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள்.

“அந்த அண்ணி நான்தான். தேங்காய் துருவிட்டு இருந்தது நான்தான். அவர் கூப்பிட்ட பாப்பாவும் நான்தான். நான் மன்னிக்கல.”

முன்வரிசைப் பெண் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். “ஏங்க, இவ்வளவு தூரம் உண்மையை ஒத்துக்கிட்ட பிறகுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அது ஒண்ணுதான் இன்னும் என்கிட்ட இருக்கு. அதையும் இவளுக்குக் குடுத்துட்டா, அடுத்த பதிப்புல வந்துடும்.”

சிலர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மேடையில் நாத்தனார் நின்றபடியே இருந்தாள். கை டம்ளர் பக்கம் போகவில்லை. பழகி வைத்திருந்த எதுவும் அவளுக்கு உதவவில்லை. நடையில் போன் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் முகம் அப்போதுதான் அவளுக்கு வந்தது, இருபத்தைந்து வருடம் தாமதமாக. சல்லடை அதை நன்றாக, அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

செய்தி பரவியதில் புத்தகம் இன்னும் வேகமாக விற்றது. ஆனால் போன் அத்தியாயத்தை அதற்குப் பிறகு நாத்தனார் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. சல்லடையும் வாசிக்கச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் நாத்தனார் தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாளாம். அண்ணன் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய அடுத்த பிரதி வந்தது. இந்த முறை புகைப்படம் இல்லை, பெயர் மட்டும்தான். சல்லடை ஒரே மூச்சில் படித்துவிட்டு டீச்சரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

“வேற ஏஜென்ட் பார்த்துக்கச் சொல்லுங்க.”

“ஏன், தேறலையா?”

“தேறுது. எங்கயும் தாண்டிப் போகல, ஒரு வரிகூட. ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் சல்லடை. “கடிதத்துல இந்தத் தடவை என் பேரைப் போடுங்க.”